சமுதாயத்தைத் திருத்தும் சகலை

உலகத்தில் ஓர் இனம் உண்டு. சமுதாயம் எந்த இடத்தில் சறுக்கியது என்று அதற்கு அத்துப்படி; தன் மூக்குக்கண்ணாடியை எந்த இடத்தில் வைத்தோம் என்றுதான் தெரியாது. "மனுஷன் மனுஷனாவா இருக்கான்?" என்று ஆரம்பித்து, கைபேசி, அவசரச் சாப்பாடு, கதவைச் சாத்திக்கொள்ளும் அக்கம்பக்கம் என்று எல்லாவற்றையும் பிடித்து உலுக்கி, நீங்கள் கொட்டாவியை மென்று விழுங்கும்வரை விடாது. உங்களுக்கும் ஒருவர் வாய்த்திருப்பார். எனக்கு வாய்த்தவர் என் சகலை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் மனைவியும் அவர் வீட்டுக்குப் போனோம். நுழைந்ததுமே எல்லோருடைய போனையும் பிடுங்கி அலமாரியில் பூட்டினார். இனி குடும்பமே மனசு விட்டுப் பேசப்போகிறதாம். உட்கார்ந்தோம். மனசு விட்டுப் பேசியது அவர் மட்டும்தான்.

"நல்லா வாழறதுன்னா என்ன? அடுத்தவங்க சொல்றதைக் காது குடுத்துக் கேக்கறது. இன்னைக்கு யார் கேக்கறா?"

"என்னங்க..." என்றார் அவர் மனைவி, சமையலறைப் பக்கம் பார்த்தபடி.

"பாத்தியா, குறுக்க பேசறோம். இதான் இந்தக் காலத்து வியாதி."

"அப்பா, தண்ணி..." என்றாள் மகள்.

"தண்ணியையே எடுத்துக்கம்மா. அது பாட்டுக்கு நிதானமா ஓடுது. நமக்குத்தான் நிதானமில்ல."

அது பாட்டுக்கு நிதானமாக ஓடிவந்து என் குதிகாலை நனைத்தது. சமையலறைக் குழாய் பிய்த்துக்கொண்டு கொட்டிக்கொண்டிருந்தது. மகள் தண்ணீரை அடைக்க ஓடினாள்; அவர் மனைவியும் என் மனைவியும் துணியோடு பின்னால் ஓடினார்கள். சகலை சோபாவில் காலைத் தூக்கிச் சம்மணம் போட்டுக்கொண்டார். அந்த நிலையில் பேச்சு இன்னும் சூடுபிடித்தது.

"ஒரு இடத்துல உக்கார முடியுதா பாருங்க, யாராலயாவது?"

கதவு தட்டப்பட்டது. கீழ்வீட்டுக்காரர். தலை சொட்டச் சொட்ட, கையில் ஈரத் தலையணையோடு.

சகலை முகம் மலர்ந்தார். "வாங்க, வாங்க. இப்படி வந்து போற பழக்கமே அத்துப்போச்சு."

"உங்க வீட்டுத் தண்ணி என் கட்டில் மேல கொட்டுது சார்."

"கட்டில், மெத்தை... பொருள்மேல பற்று வெச்சா துக்கம்தான்."

கீழ்வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். சகலையின் மனைவி வாளியைக் கொண்டுவந்து கணவர் கையில் திணித்தார். "மிச்சத்தைக் கீழே போய்ச் சொல்லுங்க. தொடைச்சுக்கிட்டே."

சகலை கீழே போனதும் ஈரத்தரையில் கால் நீட்டி உட்கார்ந்தோம். மகள் மெதுவாகச் சொன்னாள், வேலையை விட்டுவிட்டாளாம். அப்பாவிடம் சொல்லப் பல நாளாக இடைவெளி தேடுகிறாளாம்.

சகலை முட்டிவரை நனைந்து திரும்பினார். "அந்த ஆளு என்னை வாயே திறக்க விடல," என்றார் பரிதாபமாக.

"அப்பா, நான் வேலையை விட்டுட்டேன்."

இளைய தலைமுறை பற்றிய பேருரை ஒன்று அவர் தொண்டைவரை வந்ததைக் கண்ணால் பார்த்தேன். மகள் முகத்தைப் பார்த்தார். விழுங்கினார். அவள் பக்கத்தில் ஈரத்திலேயே உட்கார்ந்தார்.

"ஏம்மா, என்ன ஆச்சு?"

அவர் பேசியதிலேயே எனக்குப் பிடித்த தத்துவம் அதுதான்.

இதைப் படிக்கும்போது உங்களுக்கும் ஒரு முகம் ஞாபகம் வந்திருக்கும். 'அவருக்கு அவசியம் படித்துக் காட்டணும்' என்று சிரித்துக்கொண்டிருப்பீர்கள். தாராளமாகக் காட்டுங்கள். அவர் ஏற்கெனவே படித்துவிட்டு, இதைப் படித்துக் காட்ட உங்களைத்தான் தேடிக்கொண்டிருக்கிறார்.