மாமாவின் சட்டையில் மத்தங்காய் பான்கேக்

துபாயில் ஒரு பெரிய ஹோட்டலில் ஆறு வருஷம் வேலை பார்த்தவன் நான். அந்த ஆறு வருஷத்தில் ஒரு முட்டைகூட அவித்ததில்லை. பெண் பார்க்கப் போன அன்றே இதைச் சொல்லியிருக்க வேண்டும். தரகர் முந்திக்கொண்டு, பையன் ஹோட்டலில் குக்கு என்றுவிட்டார். மாமியாரின் முகத்தில் அப்போது பரவிய நிம்மதியைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை. (மணப்பெண் ஷீபாவுக்கு அன்று வெந்நீர் மட்டும்தான் போடத் தெரியும்.) ஊருக்கு வந்த குக்கு அடுப்பைத் தொடமாட்டான் என்று சொல்லியே கல்யாணத்துக்குப் பிறகு ஐந்து மாதம் ஓட்டினேன்.

ஐப்பசி மழையில் கனடாவிலிருந்து ஷீபாவின் அக்கா, ஆறு வயது மகள் நியாவோடு குலசேகரத்தில் மாமியார் வீட்டுக்கு வந்தார். நாங்களும் அங்கே இருந்தோம். குழந்தை மூன்று நாளாகப் பிஸ்கட்டைத் தவிர எதையும் தொடவில்லை. புட்டு வேண்டாம், ஆப்பம் வேண்டாம். இலை உதிரும் இந்த மாதத்தில் அங்கே காலையில் பூசணிக்காய் பான்கேக்தானாம். (எங்கள் ரப்பர் மரங்கள் தை மாதத்தில்தான் இலை உதிர்க்கும். அதை அவளிடம் சொல்லி என்ன பயன்?)

"அதுக்கென்ன மக்கா, சித்தப்பா குக்காக்கும். நாளைக்குச் சுட்டுத் தருவாரு" என்றார் மாமி.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அடுப்படிக்கும் முற்றத்துக்குமாக நடந்தேன். அன்று சர்ச்சில் வேதபாடம் வாசிக்க வேண்டியவர் மாமா, ஷீபாவின் அப்பா. ஏழு மணிக்கே வெள்ளைச் சட்டையில் தயாராக இருந்தார்.

செல்போனில் வீடியோ பார்த்தபடி மத்தங்காயை (எங்கள் பக்கத்தில் பூசணிக்கு அதுதான் பெயர்) அவித்து மசித்தேன். மைதா எவ்வளவு என்று சொல்லப்போன நேரத்தில் மழையில் நெட் போனது. மாவு தண்ணீராக இருந்தது, மைதா போட்டேன். கல்லாக இறுகியது, பால் விட்டேன். மறுபடி மைதா, மறுபடி பால். கிண்ணம் போதாமல் பானைக்கு மாற்றினேன். ஷீபாவும் அக்காவும் வாசலில் எட்டிப் பார்த்துவிட்டு, தொழில் தெரிந்தவரைத் தொந்தரவு செய்யக்கூடாது என்று போய்விட்டார்கள்.

முதல் பான்கேக் கல்லைவிட்டு வரவில்லை. இரண்டாவது வெளியே கரி, உள்ளே கூழ். மூன்றாவதைப் பார்த்துக்கொண்டிருந்த நியா, தன் அப்பா தூக்கிப் போட்டுத்தான் புரட்டுவார் என்றாள். கைப்பிடி போட்ட தோசைக்கல்லை இரண்டு கையாலும் பிடித்து ஓர் உதறு உதறினேன்.

நேரமாகிறது என்று சொல்ல உள்ளே வந்த மாமாவின் நெஞ்சில் அது போய் உட்கார்ந்தது. (நல்லவேளை, பாதி வேகாததால் சுடவில்லை.) மஞ்சள் கூழ் ஒவ்வொரு பட்டனாகத் தாண்டிக் கீழே இறங்கியது. மழையில் வேறு சட்டை எதுவும் காயவில்லை.

"கழத்துங்க மாமா" என்றேன்.

சட்டையை வாங்கி மேசைமேல் விரித்தேன். கறையைத் தேய்க்காமல் கரண்டி விளிம்பால் வழித்தேன். உள்பக்கத்திலிருந்து தண்ணீரைப் பாய்ச்சினேன். சோப்பு, கொஞ்சம் வினிகர். உலர்ந்த துண்டில் சுருட்டி ஒற்றினேன். பிறகு இஸ்திரி. இருபது நிமிஷத்தில், கறை எங்கே இருந்தது என்று எனக்கே தெரியவில்லை.

மாமி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்றார்.

"மருமவனே, உள்ளதச் சொல்லணும். அந்த ஹோட்டல்ல நீங்க என்ன வேல பாத்தீங்க?"

"துணி வெளுக்குற எடத்துல, மாமி."

மாமா சட்டையை மாட்டிக்கொண்டு காலரைத் தடவினார். "வேல கொள்ளாம்" என்று பாராட்டிவிட்டுக் குடையை எடுத்தார். தாத்தாவின் நெஞ்சில் பான்கேக் ஒட்டியதைப் பார்த்துச் சிரித்துச் சிரித்துப் பசியெடுத்த நியா, புட்டும் பழமும் இரண்டு தடவை வாங்கித் தின்றாள். பானை மாவைப் பக்கத்து வீட்டுப் பசு முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. ஷீபா என்னிடம் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் சமைக்கக் கற்றுக்கொள்ளத் தொடங்கினாள்.

போன மாதம் கருங்கல் ஊரில் ஒரு கல்யாணப் பந்தியில், மாப்பிள்ளையின் பெரியப்பா சட்டையில் சாம்பார் கொட்டிவிட்டது. மனிதர் பதறிப்போனார். மாமா அவர் தோளில் கைவைத்து, பந்தி முழுக்கக் கேட்கும்படி சொன்னார்:

"பேடிக்காதேயும். எங்க குக்கு இங்கதான் இருக்காரு."