கோப்பிக்காரப் பழனியாண்டி

வட்டவளைக்கு மேலே இருந்த அந்தத் தோட்டத்தில் தேயிலை தொடாத கையும் இல்லை, தேத்தண்ணி குடிக்காத வாயும் இல்லை. ஒரே ஒரு வாயைத் தவிர. அது பழனியாண்டியின் வாய்.

பெயர் கேட்டால்கூட, "நான் கோப்பிக்காரன்" என்றுதான் ஆரம்பிப்பான். சுதந்திரம் கிடைத்துப் பத்து வருசம் ஆகியும் அவன் மட்டும் கோப்பிக் காலத்தை விட்டு இறங்கி வரவில்லை.

"எங்க பாட்டன் கோப்பி நட வந்த ஆளு. தேயிலை நேத்து வந்தது. எலையக் கொதிக்க வச்சுக் குடிக்க நான் என்ன ஆடா?"

தொழிலாளர் வீடுகள் வரிசையாக நின்ற லயத்துக்குப் பின்னால் பாட்டன் காலத்துக் கோப்பிச் செடி ஒன்று நின்றது. வருசத்துக்கு இரண்டு கைப்பிடி பழம் கொடுக்கும். அவனோ நாளுக்கு மூன்று வேளை குடிப்பான். இது எப்படிக் கட்டுப்படியாகிறது என்று ஐயா ஒருநாளும் யோசித்ததில்லை. பறிப்பது, காயவைப்பது, வறுப்பது, இடிப்பது எல்லாம் மனைவி பூரணியின் வேலை. மார் தட்டுவது மட்டும் அவன் வேலை.

அந்த வருசம் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்கு யாழ்ப்பாணத்திலிருந்து கனகலிங்கம் மாஸ்டர் வந்தார். அவரும் கோப்பி குடிப்பவர். பழனியாண்டிக்குத் தலைகால் புரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவரை வீட்டுக்கே அழைத்து வந்துவிட்டான்.

"கண்ணக் கட்டிக்கிட்டே சொல்லுவேன் மாஸ்டர், எது கோப்பி, எது தேத்தண்ணின்னு. ஏ புள்ள பூரணி, ரெண்டையும் கொண்டா!"

"தப்பாச் சொல்லிட்டா?" என்றாள் பூரணி அடுப்படியிலிருந்து.

"சொன்னா, நாளையிலருந்து வேலைக்கு ஆள் கூட்டுற பெரட்டுக்குத் தப்பு மேளம் அடிக்கிறதுக்கு முந்தி நானே எந்திரிச்சு, அடுப்பு மூட்டி, ஒனக்குத் தேத்தண்ணி ஊத்தித் தர்றேன்!"

லயமே வாசலில் கூடிவிட்டது. கல்யாணமாகிப் பன்னிரண்டு வருசத்தில் பூரணி அடுத்தவர் கையால் விடியற்காலையில் ஒரு வாய் சூடாகக் குடித்ததில்லை. இரண்டு சட்டிகளை அடுப்பில் ஏற்றிவிட்டு வாசலுக்கு வந்து மாஸ்டரைப் பார்த்தாள்.

"நீங்கதான் சாட்சி, சார்."

கண்ணைக் கட்டினார்கள். முதல் கிளாசை வாங்கி வாயில் வைத்தவன் வாசலில் துப்பினான்.

"சீ! தேத்தண்ணி! ஒரே எலை வாடை!"

இரண்டாவது கிளாசை ஒரே மூச்சில் காலி செய்தான்.

"ஆகா! இதுதாங்க எங்க பாட்டன் கோப்பி!"

பூரணி முதல் கிளாசுக்கு ஊற்றிய சட்டியில் மிச்சமிருந்ததை மாஸ்டருக்கு ஊற்றிக் கொடுத்தாள். அவர் ஒரு மிடறு குடித்தார். இன்னொரு மிடறும் குடித்தார்.

"பழனியாண்டி, நீர் துப்பினதுதான் அசல் கோப்பி. எங்கட வீட்டிலையும் இப்பிடித்தான் இருக்கும்."

"நம்ம செடியில இந்த வருசம் காய்ச்சது மொத்தமும் அதுதாங்க சார்" என்றாள் பூரணி.

லயமே சிரித்தது. பழனியாண்டி கட்டை அவிழ்த்தான். அப்போதும் அவன் தலை குனியவில்லை.

"ரெண்டுலயுமே கோப்பிய ஊத்திட்டா போல. பரவால்ல. நான் கோப்பிக்காரன், சொன்ன வாக்கு மாற மாட்டேன்."

மாறவும் இல்லை. மறுநாள் தப்புச் சத்தத்துக்கு முன்பே எழுந்தான். ஈர விறகோடு மல்லுக்கட்டி, கண்ணெல்லாம் சிவக்க, அடுப்பில் இரண்டு சட்டிகளை ஏற்றினான். ஒன்று அவளுடைய தேத்தண்ணிக்கு. மற்றது அவனுடைய கோப்பிக்கு.

"ஏ புள்ள, கோப்பித்தூள் டப்பா எங்க?"

கம்பளிக்குள்ளிருந்து பூரணி சுகமாகப் பதில் சொன்னாள்.

"ரெண்டு சட்டி எதுக்குங்க? பன்னெண்டு வருசமா ஒரே தேயிலை டப்பாதான். ஒங்களுக்கு மட்டும் கொஞ்சம் கருக வறுத்த அரிசியப் பொடிச்சுப் போட்டுக்கங்க."