சின்னமனூர் சிலேட்டு

கல்யாணமாகி இருபத்து நாலு வருஷம் ஆன பிறகும் என் மனைவியின் கால் எவ்வளவு நீளம் என்று எனக்குத் தெரியாது. இந்த உண்மை, தேனியில் எங்கள் தெருவே வாசலில் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்குத் தெரியவந்தது.

மலர்விழி கிராம சுகாதாரச் செவிலியர். கடமலைக்குண்டு, மயிலாடும்பாறைப் பக்கத்து ஊர்களுக்குத் தடுப்பூசிப் பெட்டியை மொபட்டில் கட்டிக்கொண்டு இருபது வருஷமாக ஓடியவள். மகளைக் கோயம்புத்தூர்க் கல்லூரிக்கு பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பும்போது ஒரு ஆசையைச் சொன்னாள். ஊசிப்பெட்டி இல்லாமல், யாருக்கும் உடம்பு சரியில்லாமல், ஒரு பெரிய வண்டியில் தனியாக மேகமலை ஏறிவிட்டு வர வேண்டும். ஒரே ஒரு தடவை. "மார்கழி வந்தா எனக்கு அம்பது வயசு. இப்ப விட்டா, அப்புறம் நானே கேக்க மாட்டேன்" என்றாள்.

இதற்கு முன் அவள் தனக்கென்று என்னிடம் கேட்டது ஒரு மிக்ஸி. அதுவும் நான் மறந்து, அவளே வாங்கிக்கொண்டது. ஆகவே இந்த முறை அசத்திவிடுவது என்று முடிவு செய்தேன். எந்த வண்டியையும் இன்றுவரை ஓட்டத் தெரியாத நான், அவளிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் கட்டப்பனைக்குப் போய், யாரோ ஆண்டு அனுபவித்த ஒரு டூரிங் பைக்கை வாங்கினேன். வாங்குமுன் டயரை ஒரு உதை உதைத்தேன். எதற்கு உதைக்கிறார்கள் என்று தெரியாது. மற்றவர்கள் உதைத்துப் பார்த்திருக்கிறேன். விற்றவர், "நல்ல வண்டியாணு சாரே" என்றார். எனக்கு அது போதுமாக இருந்தது. மினி லாரியில் வண்டியை ஏற்றி, டிரைவர் பக்கத்தில் நான் ஏறிக்கொண்டு, குமுளி வழியாக வெற்றி வீரனாக இறங்கினேன்.

மலர்விழி ஏறி உட்கார்ந்தாள். ஏறியது சரி. அதன்பின் அவள் கால்கள் தரையைத் தேடின. தரை இரண்டு அங்குலம் கீழே இருந்தது. வண்டி அவசரமே இல்லாமல், குளத்தில் படுக்கப்போகும் யானைபோல இடதுபக்கம் சாய்ந்தது. எதிர்வீட்டுக்காரரும் இஸ்திரிக்காரரும் ஓடிவந்து தூக்கினார்கள். அடி ஒன்றும் இல்லை. அவள் உடையைத் தட்டிவிட்டுக்கொண்டு, "வித்துருங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குப் பழக்கம்தான். சாதாரணமாகச் சொன்னாள். அதுதான் உறுத்தியது.

தேனியில் மூன்று மெக்கானிக்குகளைப் பார்த்தேன். மூன்று பேரும் வண்டியைச் சுற்றி வந்து, ஒரே பதிலைச் சொன்னார்கள்: சின்னமனூருக்குப் போங்க, சிலேட்டைப் பாருங்க.

இந்தப் பள்ளத்தாக்கில் வண்டியைப் பழுதுபார்க்கிறவர்கள் எத்தனையோ பேர். வண்டி ஓட்டுகிற ஆளைப் பழுதுபார்க்கிற ஒரே மெக்கானிக் சிலேட்டுதான். அவருடைய சொந்தப் பெயரை நான் கேட்டறிந்ததில்லை. அவருக்கே ஞாபகம் இருக்குமா என்பது சந்தேகம். வாழைத்தார் பழுக்கவைக்கும் குடோனுக்குப் பின்னால் அவருடைய தகரக் கொட்டகை. உள்ளே வரிசையாக வண்டிகள். ஒவ்வொரு வண்டியின் ஹேண்டில்பாரிலும் ஒரு பள்ளிக்கூடச் சிலேட்டு தொங்கும். வண்டிக்கு என்ன கோளாறு என்பதை ஓட்டுகிறவர் தன் கையால், தன் வார்த்தையில் அதில் எழுத வேண்டும். 'கிளட்ச் பிளேட் போச்சு' என்று எழுதினால் ஈரத்துணியால் அழித்துவிடுவார். "அதச் சொல்றதுக்குத்தான் நான் இங்கன உக்காந்திருக்கேன். ஒங்களுக்கு என்ன செய்யுது, அத எழுதுங்க" என்பார். அவருடைய மூக்குக் கண்ணாடிக்கு ஒரு பக்கக் கால் கிடையாது. அந்த இடத்தில் பழைய கிளட்ச் ஒயர் ஒன்று காதைச் சுற்றிப் போகும்.

ஒரு கல்லூரி மாணவன் 'பிக்கப் இல்லை' என்று எழுதினானாம். அழித்தார். அரைமணி நேரம் யோசித்து, 'எல்லாரும் என்னை முந்திப் போறாங்க' என்று எழுதினான். சிலேட்டு அதன் கீழே 'போகட்டும்' என்று எழுதி, வண்டியைத் தொடாமலே திருப்பி அனுப்பிவிட்டார். ஒரு திராட்சைத் தோட்டக்காரர், 'மாமியார் ஊர் ஏத்தத்தில் மட்டும் நிக்குது' என்று எழுதியிருக்கிறார். சிலேட்டு அந்த ஏற்றம்வரை கூடவே போய்ப் பார்த்தார். மனைவி, இரண்டு பிள்ளைகள், முன்னால் ஒரு கூடை திராட்சை. "அந்த ஏத்தத்துல நானா இருந்தாலும் நின்னுருவேன்" என்பது அவர் தீர்ப்பு. பெரிய மனிதர் ஒருவர் டிரைவரிடம் வண்டியைக் கொடுத்துவிட்டபோது, ஓட்டுறவுக வரட்டும் என்று வாசலோடு திருப்பிவிட்டதாகவும் சொல்வார்கள்.

இதெல்லாம் தெரியாமல், வண்டியை மறுபடி மினி லாரியில் ஏற்றிக்கொண்டு நான் போய் நின்றேன். சிலேட்டையும் சாக்பீஸையும் நீட்டினார். எழுதுவது என் தொழிலல்லவா? கட்டப்பனையில் தொடங்கி, தெருவில் நடந்த அவமானம்வரை இரண்டு பக்கமும் நிறைத்து, இன்னொரு சிலேட்டு கிடைக்குமா என்று கேட்டேன். அவர் அதைக் கையெட்டும் தூரத்தில் பிடித்து முழுவதும் படித்தார்.

"சார் எழுதற ஆளா?"

ஆமாம் என்றேன், கொஞ்சம் நிமிர்ந்து.

"தெரியுது. நோவு எங்கன இருக்குன்னே காணோம்." ஈரத்துணியால் இரண்டு பக்கத்தையும் துடைத்தார். "ஓட்டப் போறவுக யாரு?"

"என் மனைவி."

"அப்ப நீங்க எதுக்கு வந்தீக?"

வண்டியைக் கொட்டகையில் விட்டுவிட்டு, அவளை அழைத்துவர பஸ் ஏறினேன்.

மலர்விழியை அழைத்துப்போக இரண்டு வாரம் கெஞ்ச வேண்டியிருந்தது. விற்பதற்குத் தோதாகச் சரிபண்ணிக்கொள்ளத்தான் வருகிறேன் என்ற நிபந்தனையோடு வந்தாள். சிலேட்டு அவளுக்கு ஒரு ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். எனக்குப் பழைய டயர் அடுக்கைக் காட்டினார். அவள் சிலேட்டைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு ஏதோ எழுதி, கவிழ்த்தே கொடுத்தாள். அவர் படித்தார். அழிக்கவில்லை. வண்டியில் மாட்டிவிட்டு டீ சொல்லப் போனார். நான் எட்டிப் பார்த்தேன்.

'பயமா இருக்கு.'

வருஷநாட்டுப் பக்கம் ஓடையில் தண்ணீர் வந்து வழி அடைத்த நாளில், கட்டிலோடு தூக்கிவந்த பெண்ணுக்கு நடுவழியில் பிரசவம் பார்த்தவள். அவள் வாயிலிருந்து இந்த இரண்டு வார்த்தை வந்து நான் கேட்டதில்லை. இப்போதும் வாயிலிருந்து வரவில்லை. கிளட்ச் ஒயரில் கண்ணாடி மாட்டியிருந்த ஒருவரிடம் சாக்பீஸால் சொல்லியிருந்தாள். எனக்கு அந்த டயர் அடுக்கு சரியான ஆசனம்தான் என்று தோன்றியது.

டீ குடித்துவிட்டு சிலேட்டு வண்டியைப் பிரித்தார். பின் பிரேக் பேடு காகிதமாகத் தேய்ந்திருந்தது. முன் பிரேக் பேடு கிட்டத்தட்டப் புதிது. ஹேண்டில் முனையில் இடதுபக்கம் இரண்டு பழைய கீறல். அவர் ஜாதகம் பார்ப்பதுபோல எல்லாவற்றையும் தடவிப் பார்த்துவிட்டு அவளிடம் சொன்னார்: "இதுக்கு முன்னாடி வச்சிருந்தவுகளும் பயந்தவுகதான் தங்கச்சி. முன் பிரேக்கத் தொடவே இல்ல. ரெண்டு தடவ விழுந்திருக்காக. ஆனாலும் நாப்பதாயிரம் கிலோமீட்டர் போயிருக்காக, பாருங்க."

ஏர் ஃபில்டரைத் திறந்தபோது உள்ளே எலிக்கூடு. கூட்டுக்குள் ஏலக்காய். சிலேட்டு ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "எட்டு எம்எம், ஒசந்த ரகம். எலி தரம் பாத்துத்தான் எடுத்திருக்கு சார்" என்றார். மலர்விழி அந்தத் தெரு நிகழ்ச்சிக்குப் பிறகு முதல் தடவையாகச் சிரித்தாள். விற்கிற பேச்சு அதன்பின் எழவில்லை.

ஏழு ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின. முதல் இரண்டில் இன்ஜினை ஆன் பண்ணவே விடவில்லை. வண்டியைத் தள்ளிக்கொண்டு வாழைக் குடோனைச் சுற்றி நடக்கச் சொன்னார். மாடு வாங்கினால் கொஞ்ச தூரம் நடத்திப் பார்க்க மாட்டோமா என்பது அவர் வாதம். இடையில் அவர் வேலையும் நடந்தது. முன் ஃபோர்க்கை இரண்டு விரற்கடை மேலே ஏற்றி மாட்டி, வண்டியின் மூக்கைத் தாழ்த்தினார். பின் ஷாக் அப்சார்பரைத் தளர்த்தினார். வண்டி குட்டையாகிவிட்டதால் சைடு ஸ்டாண்டை அறுத்துச் சின்னதாக்கி வெல்டு வைத்தார். சீட்டின் மேல் ஈரமணல் சாக்கைப் போட்டு அவளை உட்காரச் சொல்லி, அந்தத் தடத்தின்படி நுரைப்பஞ்சைச் செதுக்கினார். அந்த நேரத்தில் என்னைக் குடோன் சுவரைப் பார்த்து நிற்கச் சொன்னார். எனக்கும் அவளுக்கும் கல்யாணமாகிவிட்டது என்றேன். காதில் போட்டுக்கொள்ளவில்லை. பிரேக், கிளட்ச் லீவர்களை அவள் விரல் நீளத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்தார். இத்தனைக்குப் பிறகும் அவளுக்கு ஒரு கால்தான் எட்டியது. ஒரு கால் போதும் என்றார். எந்தப் பக்கம் என்பதை வண்டி நிற்பதற்கு முன்னால் முடிவு பண்ணினால் போதும்.

ஆறாவது வாரம் மணல் குவியல் மேல் வண்டியைப் பதமாகப் படுக்கவைத்தார். அவர் கொட்டகையிலிருந்து வெளியே போகும் எந்தப் பெரிய வண்டிக்கும் இந்தச் சடங்கு உண்டு. ஓட்டுகிறவர் தனியாகத் தூக்கி நிறுத்தினால்தான் சாவி. முதலில், "சார் ஒருக்க தூக்குங்க" என்றார். தூக்கினேன். வண்டி அசையவில்லை, என் இடுப்பில் ஏதோ ஒன்று அசைந்தது. பிறகு மலர்விழிக்கு வழி சொன்னார். அவள் வண்டிக்கு முதுகைக் காட்டிக் குந்தி, ஒரு கையால் ஹேண்டில்பாரையும் ஒரு கையால் பின்கம்பியையும் பிடித்து, பின்னால் அடியெடுத்து வைத்தபடியே எழுந்தாள். கூடவே வண்டியும் எழுந்தது. நோயாளியைத் தூக்குவதும் இப்படித்தான் என்றாள், மூச்சு வாங்காமல்.

ஏழாவது ஞாயிறு, சந்தைத் திடலில் எட்டு போட்டுக் காட்டினாள். இறங்கியதும் சிலேட்டு அவளுடைய சிலேட்டையும் ஈரத்துணியையும் நீட்டினார். அவள் துணியை வாங்கிக்கொண்டு, எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முழுசா போகலண்ணே."

"முழுசா போகவேணாம். பயம் முழுசா போனவுக வண்டிதான் எங்கிட்ட நசுங்கி வருது" என்றார். சிலேட்டை அழிக்காமலே உள்ளே கொண்டுபோய் மாட்டினார்.

அடுத்த ஞாயிறு காலை ஏழு மணிக்கு அவள் மலை ஏறினாள். நான் அடிவாரத்து டீக்கடையில் காத்திருப்பதாக ஏற்பாடு. போனால் அங்கே சிலேட்டும் உட்கார்ந்திருக்கிறார். ஒருநாளும் பூட்டாத கொட்டகையைப் பூட்டி, கதவில் 'இன்று லீவு' என்று ஒரு சிலேட்டைத் தொங்கவிட்டிருந்தாராம்; யாரோ தவறிவிட்டார்கள் என்று நினைத்து நாலைந்து பேர் துக்கம் விசாரிக்க வந்துவிட்டார்களாம். இங்கன டீ நல்லா இருக்கும், அதுதான் வந்தேன் என்றார் என்னிடம். டீ நன்றாகவே இல்லை.

பன்னிரண்டுக்குள் இறங்கிவிடுவேன் என்று சொல்லியிருந்தாள். மலைமேல் போனில் சிக்னல் கிடையாது. பூப்பெயர் வைத்த பதினெட்டு கொண்டை ஊசி வளைவுகளிலிருந்தும் சத்தம் இறங்க இறங்க, சிலேட்டு கண்ணை மூடிக்கொண்டு சொல்லிக்கொண்டிருந்தார்: இது எஸ்டேட் ஜீப்பு, இது மொபட்டு, செயின் லூசு, இது பஸ்ஸு. ஒரு மணி ஆயிற்று. ஒன்றரை ஆயிற்று. அவர் கண்ணைத் திறந்தார்.

"பின் ஆக்ஸில் நட்ட முறுக்குனேன்ல சார்?"

"மூணு தடவை முறுக்கினீங்க. நான் பார்த்தேன்."

"நாலாவது தடவ?"

மேலே போய்ப் பார்த்துவிட்டு வரலாமே, நீங்கள் வந்த மொபட் இருக்கிறதே என்றேன். அவர் டீ கிளாஸுக்குள் பார்த்துக்கொண்டு, இரண்டாவது வளைவுக்கு மேல் தான் போனதே இல்லை, தலை சுற்றி வாந்தி வந்துவிடும் என்றார். மலைக்குப் போகும் வண்டிகளையே முப்பது வருஷமாகத் தயார்பண்ணி அனுப்பும் மனிதர். எனக்கோ வண்டியே ஓட்டத் தெரியாது. ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். பெஞ்சில் இரண்டு ஆண்பிள்ளைகள் இருந்தும் மலைக்கு ஒரு உபயோகமும் இல்லை.

இரண்டு மணிக்குச் சற்று முன் சிலேட்டு விரலைத் தூக்கினார். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. "மூணாவது கியரு," என்றார். சற்றுப் பொறுத்து, "ரெண்டு. நல்லா இறக்குறாக." இன்னும் சற்று நேரத்தில் மலர்விழி வளைவைத் தாண்டி வந்து நின்றாள். இடது கால் முன்கூட்டியே தயாராக வந்து ஊன்றியது. இடதுபக்கக் கண்ணாடி உடைந்திருந்தது. முழங்கையில் செம்மண்.

"லாரிக்கு ஒதுங்குனேன், விழுந்துச்சு. தூக்குனேன். போனேன்." இதையும் அவரைப் பார்த்துத்தான் சொன்னாள். பிறகு என் பக்கம் திரும்பி, மேலே அணையோரத்தில் ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்ததாகவும், யாரும் எதற்கும் கூப்பிடவில்லை என்றும், அதுதான் நேரமாகிவிட்டது என்றும் சொன்னாள். சிலேட்டு வண்டியின் இடதுபக்கம் போய்க் குந்தினார். ஒரு கீறலைப் பார்க்கத் தேவைப்படும் நேரத்தைவிட அதிக நேரம் அங்கேயே இருந்தார்.

அவர் எழுந்து வந்ததும் மலர்விழி டீயை ஆற்றிக்கொண்டே சொன்னாள்: "அடுத்த வாரம் குமுளி வரைக்கும் போகலாம்னு இருக்கேண்ணே. இவுகளையும் பின்னாடி உக்கார வச்சு."

நான் மலையைப் பார்த்தேன். வேறெங்கும் பார்க்கிற நிலையில் என் முகம் இல்லை.

சிலேட்டு என்னை உச்சி முதல் கால்வரை, கொட்டகைக்குப் புதிதாக வந்த வண்டியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். தோளில் கையை வைத்து, ஷாக் அப்சார்பரை அழுத்துவதுபோல இரண்டு தடவை அழுத்தினார்.

"மேடு பள்ளத்துல பைய ஓட்டுங்க தங்கச்சி. இந்த மாடலுக்கு இனிமே பார்ட்ஸ் வராது."