கண்ணாடிக் குழாயும் இருபத்துமூன்று பேரும்

சதுக்கத்துக் கடிகாரம் பதினொன்று அடித்து ஓய்ந்தபோது ஹுபர்ட் சுகானெக்கின் முதுகுக்குப் பின்னால் ஐந்து பேர் நின்றுகொண்டிருந்தார்கள். அவர் அதைக் கவனிக்கவில்லை. அவருடைய கவலையெல்லாம் தலைக்கு மேலே இருந்தது.

தலைக்கு மேலே, தூக்கிய வலது கையில், ஒரு கண்ணாடிக் குழாய் நின்றது. பீப்பாய்க்குள் விட்டு, வாயால் உறிஞ்சி, வைனைக் கோப்பைகளில் ஊற்றுவார்களே, அந்தக் குழாய். ஒரு கை நீளம். நடுவில் குண்டு வயிறு. அந்த வயிற்றில் ‘ஜிட்கா - ராடெக்’ என்று பொறித்திருந்தது. சம்பந்தி வீட்டுக்குப் பரிசு. மனைவியின் சிவப்புத் தலைத்துணியைச் சுற்றி, மொராவியாவின் தென்கோடியிலிருந்து ரயிலில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார். ப்ராக்கில் இறங்கிய பிறகுதான் தெரிந்தது, இந்த ஊரில் மனிதன் முழங்கையை மடக்கவே இடமில்லை என்று. யாராவது இடித்தால் குழாய் தூள். ஆகவே தூக்கிப் பிடித்தார்.

அறுபத்தொரு வயதில் தலைநகரத்தை இன்றுதான் முதல் தடவையாகப் பார்க்கிறார். வருஷா வருஷம் கிளம்புவார். வருஷா வருஷம் திராட்சைக்கு ஏதாவது வந்துவிடும்.

பார்த்தவரை ஊர் அவருக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. உழும்போது குதிரை தும்மினது போலத் தெருக்கள் கோணிக்கொண்டு போயின. மூலைக்கு மூலை ‘நம் பாட்டன் காலத்துச் சுழல்ரொட்டி’ என்று பலகை. அப்படியொரு ரொட்டியை அவர் பாட்டன் கனவிலும் கண்டதில்லை. கடிகாரத்துப் பொம்மைகள் வெளியே வந்ததும் கூட்டம் மொத்தமும் கைப்பேசியைத் தூக்கியது. பொம்மைகளைப் பார்த்தவை கைப்பேசிகள்தான்.

அவருடைய கைப்பேசியும் அடித்தது. மகள் ஜிட்கா.

"அப்பா, எங்க இருக்கீங்க?"

"கடிகாரத்துக்குக் கீழ. பொம்மைங்க வந்துச்சு, போச்சு."

"ஒரு மணிக்குச் சாப்பாடு. ஒரு நிமிஷம் தள்ளிப்போனாலும் ராடெக்கோட அம்மா மூஞ்சி மாறிடும். யாரையாவது அனுப்பட்டுமான்னு கேக்கறாங்க."

"எனக்கா? கும்மிருட்டுல எட்டு வரிசைத் திராட்சையத் தாண்டி வீட்டுக்கு வர்றவன்டி நான். வேண்டாம்னு சொல்லு."

"இன்னொண்ணு. தனியா வாங்க."

"தனியாத்தானே வந்திருக்கேன்?"

"அதுக்கில்லப்பா. மொராவியாக்காரங்கள்ல ஒருத்தரைக் கூப்பிட்டா ஊரே வந்து உக்காந்துக்கும்னு அத்தை பயப்படறாங்க. கல்யாணத்துக்கு நாப்பது பேருக்கு மேல ஆகாதுன்னு ஒரே பிடியா நிக்கறாங்க. இன்னிக்கு உங்களப் பாத்து அவங்க மனசு மாறினாத்தான் உண்டு. நல்ல பேர் எடுத்துடுங்கப்பா."

"அவ்வளவுதானே, எடுத்துடறேன்" என்றார் ஹுபர்ட். ஊரில் ஏற்கனவே நூற்றெண்பது பேரை அழைத்தாகிவிட்டது என்பதை மகளிடம் அவர் இன்னும் சொல்லவில்லை.

நடக்க ஆரம்பித்தார். பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"சார், அந்த வீட்டுச் சுவத்துல ஒரு வாத்து செதுக்கியிருக்கே, அது என்ன சார்?"

மஞ்சள் மழைக்கோட்டுப் போட்ட ஓர் அம்மாள். கேட்டால் பதில் சொல்ல வேண்டும் என்று வளர்க்கப்பட்டவர் ஹுபர்ட்.

"யாராவது வாத்து வித்தவன் வீடா இருக்கும்மா."

"ஆகா" என்றார்கள் நாலைந்து பேர். சாம்பல் நிறத் தொப்பிக்காரர் ஒருவர் சின்ன நோட்டில் அதை எழுதியே வைத்துக்கொண்டார்.

அடுத்த சந்து திரும்பியதும் ஹுபர்ட் எண்ணினார். ஒன்பது பேர். அவர் நின்றால் நின்றார்கள். அவர் நடந்தால் நடந்தார்கள். முன்னால் இன்னொரு சந்தில் ஒரு பெண் பச்சைக் குடையை உயர்த்திக்கொண்டு போக, அவள் பின்னால் ஒரு மந்தை போவதைப் பார்த்தார். தன் கையிலிருந்த சிவப்புத் துணியைப் பார்த்தார். விஷயம் விளங்கிவிட்டது.

திரும்பி நின்று உரக்கச் சொன்னார்: "இங்க பாருங்க. நான் வழிகாட்டி இல்ல. நான் யாரையும் கூப்பிடல. என் பின்னாடி வர யாருக்கும் உரிமையும் இல்ல!"

ஒன்பது பேரும் சட்டென்று ஒன்பது திசையில் பார்த்தார்கள். ஒருவர் தன் ஷூவை ஆராய்ந்தார். ஒருவர் மேகத்தைப் பார்த்தார். மழைக்கோட்டு அம்மாள் பக்கத்திலிருந்தவரின் முதுகுக்குப் பின்னால் நகர்ந்துகொண்டாள். யாரும் போகவில்லை.

சரி, குழாயை இறக்கிவிட்டால்? கோட்டுக்குள் செருகினார். பத்தடி போவதற்குள் ஒரு முதுகுப்பை வந்து இடித்தது. கண்ணாடி ‘கிண்’ என்றது. பதறி உருவி மறுபடி தூக்கிப் பிடித்தார்.

"அதோ, அங்க இருக்கார்!" என்று ஒரு குரல் எழுந்தது. பதினாலு பேர் ஓடி வந்தார்கள்.

டிராம் ஒன்று வந்து நின்றது. எங்கே போகிறது என்றுகூடப் பார்க்காமல் ஹுபர்ட் தாவி ஏறினார். மூன்று கதவு வழியாகவும் அவர்கள் ஏறினார்கள். அடுத்த நிறுத்தத்தில் குதித்தார். அவர்களும் இறங்கினார்கள். கூடவே, டிராமில் சும்மா உட்கார்ந்திருந்த மூன்று பேரும்.

"கொஞ்சம் மெதுவா சார்" என்று மூச்சு வாங்கினாள் மழைக்கோட்டு அம்மாள். "நான் ஆஸ்ட்ராவாவுல முப்பது வருஷம் கிரேன் ஓட்டினவ. அதுகூட இவ்வளவு வேகமாப் போகாது."

ஆற்றங்கரையோரம் திரும்பி நடந்து பழைய கற்பாலத்துக்கு வந்தபோது மணி பன்னிரண்டரை ஆகியிருந்தது. பாலத்தின் வாயிலில் ஒரு போலீஸ்காரர் கையைக் காட்டினார்.

"வழிகாட்டி, உங்க ஆளுங்கள வலப்பக்கமா ஒதுக்குங்க. எத்தனை பேர்?"

"என் ஆளுங்க ஒருத்தரும் இல்லீங்க."

"அப்ப இவங்கள்லாம் யாரு?"

"அத அவங்களத்தான் கேக்கணும்."

போலீஸ்காரர் அவர்களைப் பார்த்தார். அவர்கள் ஆற்றைப் பார்த்தார்கள். அவரே எண்ணி முடித்தார். "இருபத்துமூணு. ஒண்ணு குறைஞ்சாலும் நீங்கதான் பொறுப்பு. போங்க."

பாலத்தின் நடுவில்தான் ஹுபர்ட்டுக்கு அந்த யோசனை வந்தது. இவர்களுக்குச் சுற்றிப் பார்க்க வேண்டும். சுற்றிக் காட்டி முடித்துவிட்டால் போய்விடுவார்கள். பந்தி முடிந்தால் இலையை விட்டு எழுந்துதானே ஆக வேண்டும்?

இரண்டு பக்கமும் புனிதர்களின் சிலைகள். ஹுபர்ட்டுக்குத் தெரிந்த புனிதர்கள் எல்லாம் திராட்சையோடு சம்பந்தப்பட்டவர்கள்தான். குழாயால் ஒரு சிலையைக் காட்டினார்.

"இவரோட கையப் பாருங்க. கவாத்து பண்ணும்போது கை இப்படித்தான் இருக்கணும். இதுக்கு மேல தூக்கினா அடுத்த வருஷக் கொடிய வெட்டிடுவீங்க. அதோ, அங்க மூணு பேரு சேர்ந்து நிக்கறாங்களே, அவங்கதான் பங்க்ராட்ஸ், செர்வாட்ஸ், போனிஃபாட்ஸ். மே மாசம் வந்து பனியக் கொட்டி என் மொட்ட எல்லாம் கருக்கற கட்சி. மூஞ்சியப் பாருங்க, கொஞ்சமாவது வெக்கம் இருக்கா?"

அவர்கள் இல்லை அந்த மூவர். அது ஹுபர்ட்டுக்குத் தெரியாது. இருபத்துமூன்று பேரும் சிலைகளைக் கோபமாகப் பார்த்தார்கள்.

"அறுபது வருஷமா இந்த ஊர்லயே குப்பை கொட்டறேன்" என்றார் சாம்பல் தொப்பிக்காரர், எழுதிக்கொண்டே. "இத ஒருத்தன்கூட எனக்குச் சொன்னதில்ல!"

"அவ்வளவுதான்" என்றார் ஹுபர்ட். "சுற்றுலா முடிஞ்சுது. எல்லாரும் நல்லபடியா வீடு போய்ச் சேருங்க."

கைதட்டல் பலமாக இருந்தது. ஆனால் ஒருவரும் நகரவில்லை. ஒருவரை ஒருவர் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டார்கள். முதலில் கிளம்ப யாருக்கும் மனமில்லாதது போலிருந்தது.

"போங்கம்மா" என்று கெஞ்சினார் ஹுபர்ட்.

"இவ்வளவு சுருக்கா முடிச்சா காசு குடுத்தவங்க சும்மா விடுவாங்களா சார்?"

"யாரு குடுத்தா? யார்கிட்ட குடுத்தா?"

மழைக்கோட்டு அம்மாள் கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள். "எனக்கென்ன தெரியும். மத்தவங்களக் கேளுங்க."

மணி ஒன்றாகப் பத்து நிமிஷம். ஹுபர்ட் கேட்கவில்லை. ஓடினார்.

கோட்டைச் சரிவில், மூன்றாம் மாடியில், சம்பந்தி வீட்டுக் கதவைத் திறந்தவள் ஹெட்விகா அம்மாள். எலும்புக்கே கஞ்சி போட்டது போல நிமிர்ந்த உடம்பு. மடிப்புக் கலையாமல் தேய்த்த சமையல் மேலங்கி. மணி ஒன்று ஆகி நாலு நிமிஷம்.

"நான் ஜிட்காவோட அப்பா" என்றார் ஹுபர்ட், குழாயை நீட்டி.

ஹெட்விகா அம்மாள் குழாயைப் பார்க்கவில்லை. அவர் தோளுக்குப் பின்னால் பார்த்தாள். படிக்கட்டு நெடுக மனிதர்கள். அடுத்தவர் வீட்டுக்குள் ஷூவோடு போகக் கூடாது என்பது தெரிந்த நல்ல மனிதர்கள். குனிந்து லேஸ் அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள்.

"தனியா வர்றதாச் சொன்னாங்க."

"தனியாத்தான் வந்தேன்."

உள்ளேயிருந்து எட்டிப்பார்த்த ஜிட்கா தலையில் கையை வைத்துக்கொண்டாள்.

"எங்க வீட்டுக்காரர உங்களக் கூட்டிட்டு வரக் கடிகாரத்துக்கிட்ட அனுப்பிச்சிருந்தேன். நீங்க வேண்டாம்னீங்களாம், ஆனாலும் முறைன்னு ஒண்ணு இருக்கில்ல? ‘தனியா நின்னு முழிச்சிட்டிருக்கற ஒருத்தர் இருப்பார், பாத்துக் கூட்டிட்டு வா’ன்னேன். பாக்கலையா?"

"என்னைத் தனியா நிக்க யாரும் விடலீங்களே!"

ஹெட்விகா அம்மாள் உதட்டை இறுக்கிக்கொண்டு வழி விட்டாள். வந்தவர்களை வாசலில் நிறுத்தி அவளுக்குப் பழக்கமில்லை. வீட்டுச் செருப்பு ஆறு ஜோடிதான் இருந்தது. மீதிப் பேர் காலுறையோடு கூடத்தில் போய் வரிசையாக நின்றார்கள், மியூசியத்துக்குள் நுழைந்தவர்கள் மாதிரி. "இது எந்த நூற்றாண்டு அலமாரி?" என்று யாரோ கிசுகிசுப்பது கேட்டது.

சமையலறையில், ஆறு பேருக்குச் செய்த மாவு உருண்டைகளை ஹெட்விகா அம்மாள் காகிதம் போல நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, சத்தியமா அவங்க யாருன்னே எனக்குத் தெரியாது" என்றார் பின்னாலேயே வந்த ஹுபர்ட்.

"தெரியாதவங்க வீட்டு வாசல்ல ஷூ கழட்டுவாங்களா?" கத்தி ‘டக்’ என்று பலகையில் விழுந்தது. "கல்யாணத்துக்கு முன்னாடியே இருபத்துமூணு. உங்க பக்கத்துச் சொந்தம்னா வெளிப்படையாச் சொல்லிடுங்க. நான் தாங்கிக்குவேன்."

"சொந்தமும் இல்ல, ஊரும் இல்ல. நீங்களே கேட்டுப் பாருங்க."

"கேக்கத்தான் போறேன். ஒருத்தர் விடாம."

சாஸ் தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே போனாள். கதவு சாத்திக்கொண்டது.

"போச்சுப்பா" என்றாள் ஜிட்கா. "நாப்பது இருபதாயிடும்."

ஹுபர்ட் நாற்காலியில் சரிந்தார். "ஜிட்கா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். ஊர்ல ஏற்கனவே கொஞ்சம் பேரைக் கூப்பிட்டுட்டேன்."

"கொஞ்சம்னா?"

"பாதிரியாரோட சேத்து நூத்தியெண்பது."

அப்பாவுக்கு எதிர் நாற்காலியில் ஜிட்காவும் சரிந்தாள்.

கூடத்தில் ஹெட்விகா அம்மாளின் காலடி ஒவ்வோர் ஆளிடமும் நின்று நின்று நகர்வது கேட்டது. கேள்வி. கிசுகிசு. அடுத்த ஆள். கேள்வி. கிசுகிசு. கடைசியில் வாசல் கதவு திறக்கும் சத்தம். படிக்கட்டில் நெடுநேரம் ஒன்றும் கேட்கவில்லை.

சமையலறைக் கதவைத் திறந்து உள்ளே வந்தவள், அதைச் சாத்தி அதன்மேலேயே சாய்ந்துகொண்டாள். மேலங்கி நுனியால் முகத்தை மூடியிருந்தாள். தோள்கள் குலுங்கின.

"அழாதீங்கம்மா" என்று பதறி எழுந்தார் ஹுபர்ட். "நாப்பதே போதும். முப்பதுகூடப் போதும்."

துணியை விலக்கினாள். கண்ணில் நீர் வழிந்தது. ஆனால் அது அழுகையில்லை.

"இருபத்திரண்டு பேர்கிட்டயும் தனித்தனியாக் கேட்டேன். அத்தனை பேரும் என் காதுல ஒரே பதிலத்தான் சொன்னாங்க: ‘மத்தவங்கள்லாம் காசு கட்டி வந்தவங்க, நான் ஒருத்தன்தான் ஓசியில ஒட்டிக்கிட்டு வந்தேன், வழிகாட்டிகிட்டக் காட்டிக் குடுத்துடாதீங்க.’ கல்யாணத்துக்கு நீங்க எத்தனை பேர வேணும்னாலும் கூட்டிட்டு வாங்க, இனிமே நான் வாயத் திறக்க முடியாது. ஏன்னா இருபத்துமூணாவது ஆள், கையில நோட்டோட, உள்ள வர வெக்கப்பட்டு இன்னும் படியில ஷூ லேஸ் அவுத்துட்டிருக்காரே, அவர்தான் உங்க சம்பந்தி."