மருந்துக்கடைக்காரர் வளர்த்த முளைப்பயறு

ஜாடியின் வாயில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து உள்ளே எட்டிப் பார்த்தார் மருந்துக்கடைக்காரர். பாசிப்பயறு கொஞ்சம் உப்பியிருந்தது, அவ்வளவுதான். முளை என்று சொல்லிக்கொள்ள ஒரு புள்ளிகூட இல்லை.

"முளைச்சிடுச்சாங்க?" என்று மனைவி சமையலறையிலிருந்து கேட்டாள்.

"வந்துக்கிட்டே இருக்கு."

"முந்தாநாளும் வந்துக்கிட்டுதான் இருந்துச்சு."

சாப்பாட்டில் சத்து வேண்டும், இனிமேல் வீட்டிலேயே முளைகட்டிச் சாப்பிடுவோம் என்று இவர் அறிவித்தபோது அவள், "சரிங்க" என்றாள். அந்தச் "சரிங்க"தான் அவரை வாட்டியது. முன்பு சைக்கிள் வாங்கினார். அதில் இப்போது துண்டு காய்கிறது. ரொட்டி சுட்டார், அதை உடைக்கச் சுத்தியல் தேட வேண்டியிருந்தது. அப்போதெல்லாம் அவள் சிரித்தாவது தொலைப்பாள். இப்போது வெறும் "சரிங்க". அவளுடைய அண்ணன் வேறு இவருக்கு ஆரம்பசூரர் என்று பேரே வைத்துவிட்டார். ஒரே ஒரு தடவை, இவள் நம்மைப் பார்த்து அசந்துபோக வேண்டும் என்று மனுஷருக்கு ஏக்கமாக இருந்தது.

பால்கனியில் காய்ந்த சட்டையில் மேலிருந்து தண்ணீர் சொட்டியது.

"மாடிவீட்டு அக்கா காலைல, சாயங்காலம்னு அப்படி என்னத்தத்தான் அலசுவாங்களோ" என்று அந்த எரிச்சலையும் சேர்த்துக் கொட்டினார்.

பயறு ஏன் முளைக்கவில்லை என்பது ஊருக்கே தெரியும், அவரைத் தவிர. நாள் பூராவும் கிருமிநாசினி வாசனையில் நிற்கிறவர். ஊறவைத்த பயறைப் பச்சைத் தண்ணீரில் அலச அவருக்கு மனசு வருமா? தளதளவென்று கொதிக்கும் தண்ணீரை ஊற்றி அலசினார். கிருமி செத்தது, கூடவே பயறும் செத்தது. "இந்தக் காலத்துப் பயறுல உயிரே இல்ல" என்று மளிகைக்கடையைத் திட்டிவிட்டு, அடுத்த ஜாடிக்குத் தண்ணீரை இன்னும் நன்றாகக் கொதிக்கவைத்தார். வீணானதையெல்லாம் கடைவாசல் புறாக்களுக்குப் போட்டார். அந்த வாரம் சத்தாகச் சாப்பிட்டது அவைதான்.

தெருமுனைக் காய்கறிக்கடையில் அதைப் பார்த்தபோது அவருக்குக் கண் கலங்காத குறை. சின்னச் சின்ன டப்பாக்களில் முளைப்பயறு, வெள்ளை வெளேரென்று வால் நீட்டிக்கொண்டிருந்தது.

மனைவி குளிக்கப்போன நேரம் பார்த்து டப்பாவை ஜாடியில் கவிழ்த்தார்.

அவள் ஈரத்தலையோடு வந்து ஜாடியை வெளிச்சத்தில் சாய்த்து உள்ளே பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"உங்க கைக்கு இது வரும்னு நான் நெனைக்கவே இல்லங்க."

அவருக்குச் சந்தோஷம் பொங்கிக்கொண்டு வந்தது. குற்ற உணர்ச்சியும் கூடவே வந்தது. ஆனால் சந்தோஷம் முந்திக்கொண்டது.

அதோடு விட்டிருந்தால் தப்பித்திருப்பார். அவள் விடவில்லை. அலுவலகத்துக்கு எடுத்துப்போனாள், அங்கே இன்னும் கேட்டார்கள். ஒரு டப்பா இரண்டாயிற்று, இரண்டு நாலாயிற்று. ஊசிமருந்து கொண்டுவரும் ஐஸ்பையில் முளைப்பயறு காய்கறிக்கடையிலிருந்து வீட்டுக்குப் பயணம் செய்தது.

"இன்னைக்கு நான் தண்ணி மாத்தறேனே" என்று ஒருநாள் அவள் ஜாடிக்குக் கை நீட்டினாள்.

"தொடாத. கை மாறினா அதுக்கு ஒத்துக்காது."

"அடேங்கப்பா, கைக்குழந்தை தோத்துது போங்க."

ஒரு சாயங்காலம் மாடிவீட்டு அக்கா காலிக் கிண்ணத்தோடு இறங்கி வந்தார். முந்தின நாள்தான் மனைவி அவருக்கு ஒரு கிண்ணம் கொடுத்தனுப்பியிருந்தாள்.

"நானும் எவ்வளவோ முளைப்பயறு பார்த்திருக்கேன் தம்பி. இந்த ருசி எங்கயும் இல்ல. அப்படி என்னதான் பண்றீங்க?"

மனைவி பெருமை தாங்காமல் பக்கத்தில் நின்றாள். "சொல்லுங்க. நம்ம அக்காதானே."

வேறு என்ன சொல்வது? தெரிந்ததைச் சொன்னார்.

"கொதிக்கிற தண்ணிக்கா. அலசறதுக்குப் பச்சைத் தண்ணியே ஆகாது. எவ்வளவு சூடோ அவ்வளவு நல்லது."

"கொதிக்கிற தண்ணியா?" அக்கா கிண்ணத்தையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். "ம்... மருந்து தெரிஞ்சவரு சொன்னா சரியாத்தான் இருக்கும்."

அக்கா மேலே போனதும் மனைவி மெதுவாகச் சொன்னாள். "ஞாயித்துக்கிழமை அண்ணன் சாப்பிட வர்றாரு. நீங்க வளர்த்ததத்தான் முதல்ல வைக்கப்போறேன். இனிமே எங்க வீட்டுக்காரர ஆரம்பசூரர்னு சொன்னா, எனக்குக் கெட்ட கோபம் வரும்னு போன்ல சொல்லிட்டேன்."

இத்தனை வருஷத்தில் அவள் அவருக்காக அண்ணனோடு மல்லுக்கு நின்றது இதுதான் முதல் தடவை. அவருக்கு அழுகையே வந்தது. அவளிடம் உண்மையைச் சொல்லிவிடலாமா என்றுகூட ஒரு கணம் யோசித்தார். மச்சானின் முகம் நினைவுக்கு வந்தது. ஐஸ்பையைத் துடைத்து வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை ஐஸ்பையோடு காய்கறிக்கடைக்கு ஓடினார். டப்பாக்கள் அடுக்கியிருக்கும் தட்டு துடைத்துவிட்ட மாதிரி காலியாக இருந்தது. அந்த நேரம் பார்த்து போன் அடித்தது.

"எங்கங்க போனீங்க? அண்ணன் வந்தாச்சு. ஜாடியப் பார்க்கணுங்கறாரு. தொறந்து காட்டவா?"

"தொறக்காத. காத்து பட்டா கெட்டுடும். இதோ வந்துட்டேன்."

போனை வைத்துவிட்டுக் கடைக்காரரின் கையைப் பிடித்துக்கொண்டார். "ஒரே ஒரு டப்பா. உள்ள எங்கயாவது இருக்கும், பாருங்க. வளர்க்கிறவங்க வீட்டச் சொல்லுங்க, நானே போய்க் கேட்டு வாங்கிக்கிறேன்."

கடைக்காரர் தக்காளியைப் பொறுக்கிக்கொண்டே சொன்னார்:

"போயும் பிரயோஜனம் இல்ல சார். உங்க மாடிவீட்டு அக்காதான் நமக்கு வளர்த்துக் குடுக்கிறாங்க. யாரோ ஒருத்தர் தன்னோடதவிட ருசியா வளர்க்கிறாருன்னு, அவரு சொன்ன மாதிரியே கொதிக்கிற தண்ணிய ஊத்தியிருக்காங்க, ஒண்ணுகூட முளைக்கல."