கயல்விழியைக் கட்டிக்கொடுத்த கதை

பூட்டு போடத் தெரிந்தவனை ஊர் கெட்டிக்காரன் என்கிறது. சாவி எங்கே என்று பிறகுதான் கேட்கிறது. இரண்டாயிரத்து இரண்டில் தேனியில் நான் அப்படியொரு கெட்டிக்காரனாக இருந்தேன். கணினி படித்துவிட்டு வேலை கிடைக்காமல், அந்த நிலைமைக்கு 'சொந்தத் தொழில்' என்று பெயர் வைத்திருந்த காலம்.

கம்பத்தில் திருமணத் தகவல் நிலையம் நடத்திய பாக்கியம் அக்காதான் என் முதல் வாடிக்கையாளர். (இரண்டாமவர் கிடைக்க வெகுநாள் ஆனது. ஏன் என்பது போகப்போகப் புரியும்.) வரன்களின் விவரங்களைப் பதிந்து, பொருத்தமானவர்களைப் பட்டியல் போட்டு அச்சடிக்க, ஆக்ஸஸ் என்ற தரவுத்தள நிரலில் ஒரு மென்பொருள் எழுதிக்கொடுத்தேன். ஓட்டிப் பார்க்க ஒரு பெண் தேவைப்பட்டாள். உருவாக்கினேன். பெயர் கயல்விழி, வயது இருபத்து மூன்று, எம்.எஸ்சி., பதிவு எண் ஒன்று. முகவரி இல்லாமல் என் மென்பொருளே ஏற்காது என்பதால் எங்கள் வீட்டு முகவரியையும் தொலைபேசி எண்ணையும், தகப்பனார் என்ற இடத்தில் அப்பாவின் பெயரையும் போட்டேன். நட்சத்திரம், சாதிக் கட்டங்களை நிரப்பச் சோம்பலாக இருந்தது. விட்டுவிட்டேன்.

கொஞ்ச நாளில் அக்கா கூப்பிட்டார்.

"தம்பி, இங்கன வேலை பாக்குற பிள்ளை, பொண்ணோட ஆத்தா வந்து கேட்டா வயசக் கொறைச்சு விட்டுருது. பதிஞ்சத யாரும் தொடக் கூடாது. என்னையும் சேத்துத்தான் சொல்றேன்."

பூட்டினேன். பதிந்ததைத் திருத்தவோ அழிக்கவோ வழியில்லாமல் செய்தேன். மெனுக்களை மறைத்தேன். ஷிப்ட் விசையை அழுத்தியபடி கோப்பைத் திறந்தால் நேராக உள்ளே போய்விடலாம் என்று ஒரு குறுக்குவழி உண்டு, அதையும் அடைத்தேன். எனக்கென்று ஒரே ஒரு ரகசியக் கதவு: திரையின் மூலையிலிருந்த பிள்ளையார் படத்தை மவுசால் இரண்டு முறை தட்டினால் எல்லாம் திறந்துகொள்ளும். பிள்ளையாரைப் போய் யார் தட்டப்போகிறார்கள்?

மறுநாள் காலையே அக்கா தட்டினார். அவர் கணக்கில் அது தட்டல் இல்லை, குட்டு. நெற்றியில் குட்டிக்கொள்ளக் கை ஒழியாததால் மவுசால் இரண்டு குட்டு.

"தம்பி, சாமி கும்பிட்டா பீரோ மாதிரி எல்லாம் தொறந்துக்கிருது. கும்பிடாம என்னால இருக்க முடியாது. நீங்க அடைச்சுக் குடுத்துருங்க."

கொஞ்சம் ரோஷத்தோடு அவர் கண் முன்னாலேயே அந்தக் கதவையும் அடைத்தேன். பூட்டாத பிரதி ஒன்று வீட்டில் பிளாப்பியில் இருக்கிறது என்ற தைரியம். திரும்பும் பேருந்து சின்னமனூரைத் தாண்டும்போதுதான், கயல்விழியை அழிக்காமல் வந்தது நினைவுக்கு வந்தது. வீட்டில் பிளாப்பியைச் செருகினேன். கணினி கரகரவென்று இருமிவிட்டு, படிக்க முடியாது என்று சொல்லிவிட்டது.

ஒரு பெண்ணால் என்ன வந்துவிடும் என்று இருந்துவிட்டேன். காலிக் கட்டத்தை 'எதுவானாலும் சம்மதம்' என்று என் மென்பொருள் எடுத்துக்கொள்ளும் என்பது எனக்கே தெரியாது. எந்த நட்சத்திரக்காரன், எந்தச் சாதிக்காரன் பட்டியல் கேட்டாலும் கயல்விழி முதலில் வந்து நின்றாள். கம்பம் பள்ளத்தாக்கில் அதற்கு முன் அப்படி ஒரு பெண் பிறந்ததில்லை.

வந்த தொலைபேசி அழைப்புகளை அப்பா 'ராங் நம்பர்' என்று வைத்துவிட்டார். அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜீப்பே வந்தது. உத்தமபாளையத்துக் குடும்பம், பூ, பழம், மாப்பிள்ளை எல்லாம் இறங்கின. வீடு மாறி வந்தவர்கள் என்று தோன்றியும் அம்மா காபி போட்டுக் கொடுத்துவிட்டார்.

"பொண்ண வரச் சொல்லுங்க" என்றார் வந்தவர்களில் பெரியவர்.

"எங்களுக்கு ரெண்டும் பயலுகதான்" என்றார் அம்மா.

பெரியவர் அச்சடித்த தாளை நீட்டினார். அம்மா படித்தார். தகப்பனார் பெயரை இன்னொரு முறை படித்தார். பிறகு அப்பாவைப் பார்த்தார்.

"இந்தப் பிள்ளைய எங்கன வச்சு வளத்தீக?"

அப்பாவுக்கு வைகை அணையில் வேலை. வாரத்தில் பாதி நாள் அங்கேயே தங்குவார். அந்தத் தகவல் அப்போது யாருக்கும் உதவவில்லை.

"சத்தியமா எனக்குத் தெரியாதுடி."

"தெரியாமத்தான் எம்.எஸ்சி. வரைக்கும் படிக்க வச்சீகளா?"

குடும்பம் உடைவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாமல் நான் முன்னால் வந்தேன். "அம்மா, அவரைத் திட்டாதீங்க. அது நான் உண்டாக்கின பொண்ணு" என்றேன். (இதைவிட மோசமாக அதைச் சொல்லியிருக்க முடியாது.) பெரியவர் காபி டம்ளரைக் கீழே வைத்தார்.

விளக்கி முடித்ததும் அவர்கள் பூவையும் பழத்தையும் எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். மாப்பிள்ளை மட்டும் ஜீப்பில் ஏறுமுன் உள்ளறைப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

அடுத்த பேருந்தில் அம்மா என்னைக் கம்பத்துக்கு இழுத்துப் போனார்.

"அழிச்சுவிடுங்க தம்பி" என்றார் பாக்கியம் அக்கா.

"முடியாதுக்கா."

"நீங்கதான செஞ்சீக?"

"நான்தான் பூட்டினேன்."

வேறொரு கோப்பிலிருந்து நாலு வரி எழுதி அந்தப் பூட்டைத் திறக்கலாம் என்பதைப் பிற்பாடுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். அன்று என் திரை அனுமதித்தது ஒன்றே ஒன்று: 'திருமணம் முடிந்தது' என்ற கட்டம். அதுவும் மாப்பிள்ளையின் பதிவு எண் கேட்டது. அக்கா அசரவில்லை. புதுப் பதிவு ஒன்று போட்டு மாப்பிள்ளையை உண்டாக்கினார். ஊர் கம்பம், சொந்தமாகத் திராட்சைத் தோட்டம்.

"குடிப்பழக்கம் கிடையாதுல்ல?" என்று அம்மா கேட்டார்.

"நம்ம பிள்ளைக்கு அப்பிடிப் பாப்பமா?" என்றபடி அக்கா 'திருமணம் முடிந்தது' கட்டத்தில் டிக் அடித்தார். கயல்விழி பட்டியலிலிருந்து புகுந்த வீடு போனாள்.

சில வருடங்கள் கழித்து என் கல்யாணம். பந்தியில் தூரத்து உறவுப் பெரியம்மா ஒருவர் அப்பாவிடம், "ஒங்களுக்கு ஒரு பொண்ணு இருக்குன்னு சொன்னாகளே, எங்கன குடுத்துருக்கீக?" என்று கேட்டார்.

அப்பா இலையிலிருந்து நிமிரவில்லை. "கம்பத்துல. திராட்சைத் தோட்டம்."

பக்கத்திலிருந்த அம்மா சேர்த்துச் சொன்னார்: "மாசமா இருக்கா. அதான் வரல."

பிறந்தது ஆணா பெண்ணா என்று அந்தப் பெரியம்மா பார்க்கும்போதெல்லாம் கேட்கிறார். வீட்டில் நாங்கள் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை.