கட்கிக்கு நான் சிபாரிசு செய்த நாடகம்

நல்ல நாடகம் ஒன்றைப் படித்துவிட்டு இன்னொருவரிடம் சிபாரிசு செய்வதில் ஒரே ஒரு ஆபத்துதான் உண்டு. அவர்கள் அதை மேடையேற்றிவிடலாம்.

புனேக்கு வேலை மாற்றலாகி வந்த புதிது. நானும் மனைவி கவிதாவும் அங்கே வாகட் பகுதியில் குடியிருந்தோம். அதே ஊரின் கட்கிப் பகுதியில் தமிழர்கள் நடத்தும் சிறிய மன்றம் ஒன்றின் கூட்டத்துக்குப் போயிருந்தபோது, வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், "தமிழ்ல எவ்வளவோ புது நாடகம் வருது, நாமதான் படிக்கறதில்ல" என்றேன். (அதுவரை நானே படித்தது நாலு.)

மன்றத்தின் செயலாளர் செல்வராஜ் அண்ணன், வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பூர்வீகம் வேலூர்ப் பக்கம், பிறந்து வளர்ந்ததெல்லாம் கட்கி. ஒவ்வொரு பொங்கலுக்கும் ஒரே இரட்டை வேட நாடகத்தைப் போட்டு வந்தார். நடிகர்கள் வசனத்தை மறந்தால் முன்வரிசையே எடுத்துக் கொடுக்கும். மறுநாளே போன் செய்தார்.

"தம்பி, புது நாடகம் இன்னா இன்னா கீது, சொல்லு."

சொன்னேன். ஒன்றின் அரசியலை, ஒன்றின் மொழியை, இன்னொன்றின் வடிவத்தை விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார்.

"ஆளு கம்மி எதுல?"

"ஒண்ணுல ரெண்டே பேர்தாண்ணே. புருஷன், பொண்டாட்டி."

"செட்டு?"

"ரெண்டு நாற்காலி."

"சலேகா, அது போதும். அதையே போட்ருவோம். நீயும் உன் வூட்டம்மாவும் நடிச்சிருங்க."

இலக்கியத் தேர்வு இத்தனை சுருக்கமாக முடிந்து நான் பார்த்ததில்லை.

வீட்டை விற்றுவிட்ட தம்பதி அதில் கழிக்கும் கடைசி மாலைதான் கதை. நடுவில் ஓரிடத்தில், 'மௌனம். நீண்ட மௌனம். தாங்க முடியாத மௌனம்' என்று அச்சிட்டிருக்கும். ரயிலில் அதைப் படித்தபோது புத்தகத்தை மூடிவிட்டு வெகுநேரம் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி இருந்தேன். (வெளியே சோலாப்பூர்.)

அனுமதி கேட்டுச் சென்னையில் இருந்த நாடகாசிரியருக்குப் போன் செய்தேன். இளைஞர், தங்கமான மனிதர். "தாராளமா போடுங்க சார். அந்த மௌனத்துல மட்டும் கை வெச்சுடாதீங்க. நாடகத்தோட உயிரே அங்கதான் இருக்கு" என்றார். வாக்குக் கொடுத்தேன். ஒத்திகையில் எங்களுக்கு மற்ற எல்லாம் தடுமாறியது, மௌனம் மட்டும் பிரமாதமாக வந்தது. கல்யாணமாகி ஏழு வருடப் பயிற்சி.

பொங்கலன்று கட்கியில் கூடம் நிறைந்திருந்தது. மௌனம் வரும் வரை யாரும் எழுந்து போகவில்லை. பிறகு அது வந்தது. நான் சுவரைப் பார்த்தபடி உறைந்தேன். கவிதா தரையைப் பார்த்தபடி உறைந்தாள்.

முதலில் இருமல் கேட்டது. அடுத்து முன்வரிசையில் ஒருவர், "டயலாக் மறந்துட்டான்யா" என்றார். திரைக்குப் பின்னாலிருந்து செல்வராஜ் அண்ணன் ரகசியக் குரலில், "தம்பி, 'ஏன் கண்ணு அழுவுற'ன்னு கேளு" என்றார். அவர் கையிலிருந்த மைக் வேலை செய்துகொண்டிருந்ததால் ரகசியம் கூடம் முழுக்கக் கேட்டது. அப்படியொரு வசனமே நாடகத்தில் இல்லை.

கொடுத்த வாக்கை நினைத்து நான் அசையவில்லை.

அப்போதுதான் அண்ணனின் மனைவி சரோஜா அக்கா தண்ணீர் பாட்டிலோடு மேடையேறினார்.

"இந்தாப்பா, குடி. பயப்படாத, எல்லாம் நம்ம ஜனங்கதான்."

கண்ணை மட்டும் உருட்டி, போய்விடும்படி ஜாடை காட்டினேன். அதுதான் நான் செய்த தவறு.

"அய்யய்யோ, கண்ணு சொருவுது! கவிதா, உன் வூட்டுக்காருக்கு சுகரா? எறங்கிப்போச்சு போல கீதே!"

அதற்குள் நாலைந்து பேர் மேடைக்கு வந்துவிட்டார்கள். ஒருவர் என் காலணியைக் கழற்றினார். இன்னொருவர் நிகழ்ச்சி நிரலால் விசிறினார். எதிர்வீட்டு மராட்டிக்காரர்கள் சங்கராந்திக்குக் கொடுத்த எள்ளுருண்டை அக்காவின் பையில் இருந்திருக்கிறது. அதை முழுசாக என் வாய்க்குள் திணித்து, அவர்கள் கொடுக்கும்போது சொல்வதையே தானும் சொன்னார். "கோட் கோட் போலா! இனிமையா ரெண்டு வார்த்த பேசுப்பா!"

வாய் நிறைய எள். இனி நினைத்தாலும் பேச முடியாது.

நாடகத்தை எப்படியாவது காப்பாற்ற வேண்டும் என்று கவிதாவுக்குத் தோன்றியிருக்கிறது. மௌனத்துக்கு அடுத்த வசனம் அவளுடையது. நிமிர்ந்து, கண்கலங்க, தெளிவாகச் சொன்னாள்.

"இந்த வீட்டுல நம்ம ரெண்டு பேரைத் தவிர யாருமே இல்ல."

கூடம் அதிர்ந்தது. சிரிப்பு அடங்கவே இல்லை. மீதி நாடகத்தில் நாங்கள் எதைச் சொன்னாலும், வீட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டு விம்மும் இடம் உட்பட, விழுந்து விழுந்து சிரித்தார்கள். முடிந்ததும் செல்வராஜ் அண்ணன் என்னைக் கட்டிக்கொண்டார். "காமெடின்னு மொதல்லயே சொல்றதுக்கு இன்னா?"

நாடகாசிரியர் வீடியோ கேட்டிருந்தார். அனுப்பிவிட்டு, போனைக் குப்புற வைத்துவிட்டுப் படுத்தேன். அவரிடமிருந்து ஒரு வாரம் பதிலே இல்லை. (நீண்ட மௌனம். தாங்க முடியாத மௌனம்.) பிறகு ஒரே ஒரு வரி வந்தது: "தண்ணி பாட்டிலோட வர்ற அம்மாவுக்கு என் வாழ்த்தைச் சொல்லுங்க. அவங்க ஒருத்தர்தான் இயல்பா நடிச்சிருக்காங்க."

எனக்கு இன்றுவரை சர்க்கரை வியாதி கிடையாது. பரிசோதனை முடிவை எடுத்துக்கொண்டு போய்க் காட்டியும் பார்த்துவிட்டேன். ஆனாலும் கட்கியில் எந்தத் தமிழர் வீட்டுக்குப் போனாலும், எல்லாருக்கும் இஞ்சி தட்டிப் போட்ட நல்ல டீ வரும். எனக்கு மட்டும் சர்க்கரை இல்லாமல் தனி டம்ளரில் வரும். மறுத்துச் சொல்ல வாயெடுத்தால், கவிதா முந்திக்கொள்வாள்.

"அவருக்கு அதுவே போதுங்க்கா. பிஸ்கட்டையும் கொஞ்சம் தள்ளி வைங்க."